மணப்பந்தலில் தொடங்கும் விசா: பஞ்சாபிலிருந்து கனடா செல்லும் இணையரின் வேலையும் குடியிருப்பும்



பஞ்சாபி நாளேடுகளில் வெளிவரும் மணமக்கள் தேவை விளம்பரங்களைச் சற்றே ஊன்றிப் படித்தால், அம்மாநிலத்தின் கிராமப்புற நெருக்கடி எங்கே வந்து நிற்கிறது என்பது விளங்கும். சாதி, உயரம், நிலத்தின் அளவு என்னும் பழைய தகுதிகளோடு கடந்த பல ஆண்டுகளாக மற்றொரு தகுதியும் அங்கே இடம்பெறுகிறது. ‘ஐலெட்ஸ்’ எனப்படும் ஆங்கில மொழித்திறன் தேர்வில் மணமகள் பெற்ற ‘பேண்டு’ எத்தனை என்பதே அது. ஆறோ ஆறரையோ பெற்ற பெண் வேண்டும். கல்லூரிக் கட்டணம், விமானப் பயணம், திருமணம் ஆகிய செலவுகள் அனைத்தையும் மணமகன் வீட்டாரே ஏற்பர். சாதிமட்டும் பெரும்பாலும் மாறாமல் இருக்கிறது என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

இதை வேடிக்கைச் செய்தியாக எழுதித் தள்ளிய ஊடகங்கள் உண்டு. ஆனால் இதன் அடியில் இருப்பது ஒரு கணக்கு. தமது நிலத்தில் பயிர் செய்து இனி ஒரு குடும்பம் வாழ முடியாது என்று தெளிந்துகொண்ட சிறு, நடுத்தர விவசாயி, அந்த நிலத்தை விற்றோ அடகுவைத்தோ மகனுக்கு ஒரு வெளிநாட்டு வேலையை வாங்க முனைகிறார். மகன் பள்ளிப் படிப்போடு நின்றுவிட்டான். ஆங்கிலத் தேர்வில் தேறவில்லை. பக்கத்து ஊரிலே, கட்டணம் கட்ட வழியில்லாத வீட்டிலே, தேர்வில் தேறிய பெண் இருக்கிறாள். இவ்விரு இல்லாமைகளையும் இணைக்கும் பாலமாகத் திருமணம் ஆக்கப்படுகிறது. பசுமைப் புரட்சியின் தாயகம் என்று போற்றப்பட்ட மண்ணில், கிராமப்புறக் குடும்பங்களில் நூற்றுக்கு ஏறத்தாழ 13 குடும்பங்களிலிருந்து ஒருவரேனும் வெளிநாடு சென்றிருப்பதாக லூதியானாவிலுள்ள பஞ்சாப் வேளாண் பல்கலைக்கழகத்தின் ஆய்வு கண்டறிந்தது.

இந்தப் பாலத்தின் மறுகரையை அமைத்தது கனடாவின் சட்டம். அந்நாட்டில் படிக்க அனுமதி பெற்ற மாணவரின் கணவனோ மனைவியோ ‘திறந்தநிலை வேலை அனுமதி’ பெறலாம் என்ற விதி நீண்டகாலம் நடைமுறையில் இருந்தது. மாணவருக்கு வாரத்தில் இத்தனை மணிநேரமே வேலை செய்யலாம் என்ற கட்டுப்பாடு உண்டு. இணையருக்கு அது இல்லை. எந்த முதலாளியிடமும், முழுநேரமும் உழைக்கலாம். ஆகவே பெண் படிப்பாள், ஆண் சம்பாதிப்பான். பின்னர் அவளுக்குக் கிடைக்கும் பட்டப்படிப்புக்குப் பிந்தைய வேலை அனுமதியின் வழியே இருவரும் நிரந்தரக் குடியுரிமையை எட்டுவர் என்பது திட்டம். முகவர்கள் இதைத்தான் விற்றார்கள்.

திட்டத்தின் கணக்கை இன்றைய விலையில் போட்டுப் பார்ப்போம். ஒன்டாரியோ மாகாணத்தில் 2025 அக்டோபரிலிருந்து குறைந்தபட்ச ஊதியம் மணிக்கு 17.60 டாலர். படிப்புக் காலத்தில் ஒரு மாணவி வாரம் 24 மணிநேரம் வேலை செய்ய இப்போது அனுமதி உண்டு. மாதத்துக்கு ஏறத்தாழ 1,830 டாலர் வரும். பிடித்தங்கள் தனி. கல்லூரிக் கட்டணம் ஆண்டுக்கு 15,000 டாலர் என்று குறைத்தே வைத்தாலும் மாதத்துக்கு 1,250 டாலர் அதற்கே போய்விடும். எஞ்சுவது 580 டாலர். அதில் வாடகை, உணவு, பேருந்து, அலைபேசி, ஊரிலுள்ள கடனுக்கு வட்டி! ஆகவே இணையரின் முழுநேர ஊதியம்தான் அந்தக் குடும்பத்தின் முதுகெலும்பு. வாரம் 40 மணிநேரம் குறைந்தபட்ச ஊதியத்தில் உழைத்தால் மாதம் 3,050 டாலர் அளவில் வரும். அந்த ஒற்றை அனுமதிச் சீட்டு இல்லாவிட்டால் குடும்பம் ஒரு மாதமும் தாங்காது.

அந்தச் சீட்டைத்தான் கனடா அரசு 2024-இல் பறித்தது. அவ்வாண்டு ஜனவரி 22 அன்று வெளிநாட்டு மாணவர் எண்ணிக்கைக்கு உச்சவரம்பு அறிவிக்கப்பட்டது. அதனுடன், மார்ச் 19 முதல் முதுநிலை, முனைவர் பட்டம், குறிப்பிட்ட சில தொழிற்படிப்புகள் ஆகியவற்றில் பயில்வோரின் இணையருக்கு மட்டுமே வேலை அனுமதி என்று விதி சுருக்கப்பட்டது. 2025 ஜனவரி 21 முதல் முதுநிலைப் படிப்பும் குறைந்தது 16 மாத காலம் கொண்டதாக இருக்க வேண்டும் என்றானது. வேலை அனுமதியில் இருக்கும் தொழிலாளரின் இணையருக்கும் அதே நாளில் கதவு குறுகியது. உயர்திறன் வேலைகளும், ஆள் பற்றாக்குறை உள்ளவையாக அரசு தெரிவு செய்த சில வேலைகளும் மட்டுமே தகுதி பெற்றன. கிடங்குத் தொழிலாளிக்கும் உணவகச் சமையற்காரருக்கும் அந்தப் பட்டியலில் இடமில்லை.

பஞ்சாபின் மாணவியரில் பெரும்பாலோர் சேர்ந்தவை கல்லூரிகளின் ஓராண்டு, ஈராண்டுப் பட்டயப் படிப்புகள். வழக்கமாகப் பெண் முதலில் செல்வாள். சில மாதங்கள் கழித்துக் கணவன் விண்ணப்பிப்பான். இந்த இடைவெளியில் விதி மாறியதும் அவள் பிராம்ப்டனின் ஒரு நிலவறையிலும் அவன் மோகாவின் ஒரு கிராமத்திலும் நிற்க நேர்ந்தது. இடையில் இருப்பது இரு குடும்பங்களின் கடன். ‘பெண் ஏமாற்றிவிட்டாள்’ என்ற கூக்குரல் இதற்கு முன்பே எழுந்திருந்தது. ஏமாற்றிய நிகழ்வுகள் சில உண்மையே, வழக்குகளும் பதிவாகியுள்ளன. ஆயினும் திருமணம் முடித்துச் சில வாரங்களில் பறந்துவிட்டு மனைவியை மறந்துபோன வெளிநாட்டு மாப்பிள்ளைகளால் பஞ்சாபில் கைவிடப்பட்ட பெண்கள் பல ஆண்டுகளாக நீதி கேட்டு அலைந்தபோது இத்தனை பேரொலி எழவில்லை என்பதையும் நினைவிற் கொள்ள வேண்டும். விதி மாற்றத்தால் பிரிந்த இணையரின் துயரத்தைப் பெண்ணின் நடத்தைமீது ஏற்றுவது, அவ்விதியை இயற்றியவர்களுக்கும் அதை விற்ற முகவர்களுக்கும் மிகவும் வசதியானது.

குடியிருப்புக்கு வருவோம், அங்கேதான் சுரண்டல் கண்ணுக்குத் தெரியும் வடிவில் இருக்கிறது. டொராண்டோவில் ஒரு படுக்கையறை கொண்ட வீட்டின் சராசரி வாடகை 2023-இல் 2,500 டாலரைத் தாண்டியது. பின்னர் சற்று இறங்கினாலும் குறைந்தபட்ச ஊதியம் பெறும் இணையருக்கு அது எட்டாத உயரமே. எனவே அவர்கள் புறநகரான பிராம்ப்டனில் நிலவறைகளைத் தேடுகிறார்கள். ஒரு குடும்பத்துக்கெனக் கட்டப்பட்ட வீட்டின் அடித்தளத்தில் பத்துக்கும் மேற்பட்டோர் தரையில் மெத்தை விரித்துப் படுத்திருப்பதை அந்நகரின் அதிகாரிகளே சோதனைகளில் கண்டுள்ளனர். பகல் வேலைக்காரர் எழுந்து சென்ற மெத்தையில் இரவு வேலைக்காரர் வந்து படுக்கிறார். மணமான இணையருக்கு ஒரு திரைச்சீலையே சுவர். அவசரத்தில் வெளியேறப் போதிய சன்னல் இல்லாத அறைகளும் உண்டு; தீவிபத்து நேர்ந்தால் என்னவாகும் என்பதைச் சொல்லத் தேவையில்லை. வீட்டுக்காரர் பெரும்பாலும் அதே மொழி பேசுபவர், சில வேளைகளில் அதே மாவட்டத்தவர். உறவுமுறை சொல்லி அழைப்பார். ரசீது மட்டும் தரமாட்டார்.

சட்டம் ஒன்றுமே இல்லை என்று இதற்குப் பொருள் கொள்ளலாகாது. ஒன்டாரியோவின் வாடகைக் குடியிருப்புச் சட்டம், முன்பணமாக ஒரு மாத வாடகைக்கு மேல் கேட்பதைத் தடை செய்கிறது. அந்தப் பணமும் கடைசி மாத வாடகையாகவே கழிக்கப்பட வேண்டும். ‘சேதத்துக்கான வைப்புத்தொகை’ என்று தனியே வாங்குவது சட்டவிரோதம். 2018 ஏப்ரல் 30 முதல் ஒரே வடிவிலான எழுத்துப்பூர்வ ஒப்பந்தம் கட்டாயம். வீட்டுக்காரர் ‘நாளைக்கே காலி செய்’ என்று சொல்லிவிட முடியாது. வெளியேற்ற ஆணையிடும் அதிகாரம் வீட்டு உரிமையாளர்–வாடகையாளர் வாரியத்துக்கே உண்டு. நிலவறை நகராட்சியில் பதிவு செய்யப்படாததாக இருந்தாலும் வாடகையாளரின் உரிமை அதனால் அழிவதில்லை. இதைப் பலர் அறியார். அறியாமல் இருப்பதே வீட்டுக்காரரின் பலம்.

ஆனால் அதே சட்டத்தில் இரண்டு பெரிய ஓட்டைகள் உள்ளன. சமையலறையையோ குளியலறையையோ வீட்டு உரிமையாளருடன் பகிர்ந்துகொள்பவருக்கு அச்சட்டம் பொருந்தாது. மலிவு என்று நினைத்து அத்தகைய அறையில் குடியேறும் இணையர் சட்டத்தின் வாசலுக்கு வெளியே குடியேறுகிறார்கள். மற்றொன்று, 2018 நவம்பர் 15-க்குப் பின் முதன்முதலாகக் குடியமர்த்தப்பட்ட வீடுகளுக்கு வாடகை உயர்வு வரம்பு இல்லை. பழைய வீடுகளில் 2025-ஆம் ஆண்டு உயர்வு 2.5 சதவீதத்துக்குள் நிற்க வேண்டியிருந்தது. புதிய கட்டடத்தில் உரிமையாளர் கேட்டதே விலை. வாடகைக்கு இடம் பார்க்கும்போது ‘இந்தப் பகுதி எந்த ஆண்டில் முதன்முதலாகக் குடியமர்த்தப்பட்டது, சமையலறை யாருடையது’ என்ற இரு கேள்விகளைக் கேட்டாலே பல இன்னல்கள் தவிரும்.

வேலைக்கும் வீட்டுக்கும் இடையிலுள்ள உறவு இன்னும் கொடியது. வாடகை வாரத்துக்கு வாரம் துரத்துவதால் கிடைத்த வேலையை ஏற்கும் நிலை. ஊரில் செவிலியர் பட்டம் பெற்றவள் அங்கே பதிவு பெறும்வரை முதியோர் இல்லத்தில் உதவியாளர். பொறியாளர் கிடங்கில் பெட்டி சுமப்பவர். ‘கனடா அனுபவம் உண்டா’ என்ற கேள்வியால் ஆயிரக்கணக்கானோர் கழித்துக்கட்டப்பட்டனர். பொது விளம்பரங்களில் அந்நிபந்தனையைக் கேட்கக் கூடாது என்ற ஒன்டாரியோவின் விதி 2026 ஜனவரி 1 அன்றுதான் நடைமுறைக்கு வந்தது. சரக்குந்துத் துறையில் பஞ்சாபி ஓட்டுநர்கள் ஏராளம். அங்கே ‘டிரைவர் இங்க்’ என்றொரு தந்திரம் நடக்கிறது. தொழிலாளியைத் தனக்குத்தானே ஒரு நிறுவனம் பதிவு செய்யச் சொல்லி, அவரை ‘ஒப்பந்தக்காரர்’ என்று காட்டி, மிகைநேர ஊதியம், விடுப்பூதியம், வேலையின்மைக் காப்பீடு அனைத்தையும் முதலாளி விழுங்கிவிடுகிறார். தன் வண்டி இல்லாதவர், தன் நேரம் தன் கையில் இல்லாதவர், காகிதத்தில் மட்டும் முதலாளி!

திறந்தநிலை அனுமதி இழந்தவர்களை அடுத்துக் காத்திருப்பது ‘எல்எம்ஐஏ’ எனப்படும் உழைப்புச் சந்தை மதிப்பீட்டுச் சீட்டு. ஒரு முதலாளியிடம் மட்டுமே வேலை செய்ய அனுமதிக்கும் முறை அது. இதற்கான 1,000 டாலர் கட்டணத்தை முதலாளிதான் அரசுக்குச் செலுத்த வேண்டும். தொழிலாளியிடம் வாங்குவது குற்றம். நடப்பில் அச்சீட்டு பல்லாயிரம் டாலருக்குக் கள்ளச்சந்தையில் விற்கப்பட்டது. தற்காலிக வெளிநாட்டுத் தொழிலாளர் திட்டம் நவீன அடிமைமுறைக்கு விளைநிலமாக இருப்பதாக ஐ.நா.வின் சிறப்பு அறிக்கையாளர் தோமோயா ஒபோகாட்டா 2023-இல் கனடாவுக்கு நேரில் சென்று ஆராய்ந்த பின் கூறினார். நிரந்தரக் குடியேற்றத்துக்கான புள்ளிக் கணக்கில் வேலைவாய்ப்புக் கடிதத்துக்குத் தரப்பட்ட கூடுதல் புள்ளிகளை 2025 மார்ச்சில் அரசு நீக்கியது. கடன் வாங்கிச் சீட்டு வாங்கியிருந்தவர்களின் பணமும் போயிற்று, புள்ளியும் போயிற்று. விற்றவர்கள் பத்திரமாக இருக்கிறார்கள்.

இத்தனைக்கும் பின், ‘வந்தேறிகளால்தான் எங்களுக்கு வீடில்லை’ என்ற பேச்சு கனடாவில் வலுத்திருக்கிறது. இதை நேருக்கு நேர் எதிர்கொள்ள வேண்டும். கனடாவின் கூட்டரசு புதிய சமூகக் குடியிருப்புகளுக்கான நிதியை 1993-இல் நிறுத்தியது. அன்றிலிருந்து முப்பது ஆண்டுகளாக வீடு என்பது முதலீட்டுப் பண்டம். சந்தைக்கு வெளியே உள்ள வீடுகள் மொத்தத்தில் ஏறத்தாழ நான்கு சதவீதமே. ஆஸ்திரியாவின் வியன்னா நகரில் மக்களில் ஏறத்தாழப் பாதிப்பேர் நகராட்சி வீடுகளிலோ அரசு மானியம் பெற்ற வீடுகளிலோ வாழ்கின்றனர் என்பதோடு இதை ஒப்பிட்டுப் பார்த்தால் தவறு எங்கே என்பது தெரியும். மாணவர் வருகை வீங்கியதும் தற்செயலன்று. ஒன்டாரியோ அரசு 2019-இல் உள்நாட்டு மாணவரின் கட்டணத்தைப் பத்து சதவீதம் குறைத்து அப்படியே உறையவைத்தது. குறைந்ததை ஈடுசெய்யத் தன் நிதியைக் கூட்டவில்லை. கல்லூரிகள் பன்மடங்கு கட்டணம் செலுத்தும் வெளிநாட்டு மாணவரைத் தேடிப் பஞ்சாபுக்கு வந்தன. 2023 இறுதியில் கனடாவில் பத்து லட்சத்துக்கு மேற்பட்ட வெளிநாட்டு மாணவர் இருந்தனர்; அவர்களில் ஏறத்தாழ நாற்பது சதவீதத்தினர் இந்தியர். கல்வி நிதியின் ஓட்டையை அடைக்க அழைக்கப்பட்டவர்கள் பின்னர் வீட்டு நெருக்கடிக்குக் குற்றவாளிகளாக நிறுத்தப்பட்டனர்.

இணையரைப் பிரித்துவைத்து உழைப்பை மட்டும் வாங்கிக்கொள்ளும் முறை அந்நாட்டுக்குப் புதிதன்று. இந்தியாவிலிருந்து இடைநிற்காத பயணமாக வந்தால்தான் நுழைவு, கையில் 200 டாலர் இருக்க வேண்டும் என்ற விதிகள் 1908-இல் இயற்றப்பட்டன; அப்படி நேராக வரும் கப்பல் வசதி நடைமுறையில் இருக்கவில்லை. மர அறுவை ஆலைகளில் உழைத்த பஞ்சாபி ஆண்கள் மனைவியரை அழைத்துவர வழியின்றிப் போயிற்று. வான்கூவர் குருத்வாராவின் தலைவர்களாயிருந்த பாக் சிங்கும் பல்வந்த் சிங்கும் 1912 தொடக்கத்தில் தங்கள் மனைவி மக்களோடு கப்பலில் வந்து இறங்கினர். ஆண்களுக்கு நுழைய உரிமை உண்டு, பெண்களைத் திருப்பியனுப்ப வேண்டும் என்று அதிகாரிகள் ஆணையிட்டனர். போராட்டத்தின் பின்னர், கருணையின் பேரில் விடப்படுகிறது, இதை முன்மாதிரியாகக் கொள்ளக் கூடாது என்ற நிபந்தனையோடு அக்குடும்பங்கள் அனுமதிக்கப்பட்டன. மற்றவர்களின் மனைவியருக்கு அனுமதி கிடைக்க முதலாம் உலகப்போர் முடிய வேண்டியிருந்தது. பாக் சிங் 1914-இல் குருத்வாராவுக்குள் சுட்டுக் கொல்லப்பட்டார். கதர் இயக்கத்தில் இணைந்த பல்வந்த் சிங் 1917-இல் தூக்கிலிடப்பட்டார். மனைவியோடு வாழும் உரிமைக்கான மனுவிலிருந்து விடுதலைப் போருக்கு அவர்கள் நடந்த தூரம் ஐந்தாண்டு மட்டுமே.

இன்றும் எதிர்ப்பு இல்லாமல் இல்லை. பிராம்ப்டனில் பஞ்சாபி மாணவரும் தொழிலாளரும் கூடி அமைத்த ‘நவ்ஜவான் சப்போர்ட் நெட்வொர்க்’, கூலியை விழுங்கிய முதலாளிகளின் அலுவலகத்துக்கும் வீட்டுக்கும் முன்னால் பதாகையோடு நின்று பாக்கியை வசூலித்துத் தருகிறது. மானநட்ட வழக்குகளையும் சந்தித்தது. போலி அனுமதிக் கடிதம் தந்த முகவரின் குற்றத்துக்காக மாணவர்களை நாடு கடத்த முயன்றபோது, 2023 கோடையில் டொராண்டோ விமான நிலையத்தருகே இரவு பகலாக அமர்ந்து போராடி அதை நிறுத்திவைத்தனர். தனித்தனியே கேட்டபோது கிடைக்காத பதில் கூடி உட்கார்ந்தபோது கிடைத்தது.

செல்வோர் அறிந்திருக்க வேண்டியவை சில உண்டு. கூலிப் பாக்கிக்கு ஒன்டாரியோ தொழிலாளர் அமைச்சகத்தில் கட்டணமின்றி முறையிடலாம். ஈராண்டு அவகாசம் உண்டு. ஆகவே வேலை செய்த நேரத்தை அன்றாடம் ஒரு குறிப்பேட்டில் எழுதிவைக்க வேண்டும். ஆள் அனுப்பும் முகமைகளுக்கு 2024 ஜூலை முதல் உரிமம் கட்டாயம். அது உண்டா என்று பார்க்க வேண்டும். முதலாளியின் கொடுமைக்கு ஆளான தொழிலாளி, சீட்டு அவரிடம் கட்டப்பட்டிருந்தாலும், திறந்த அனுமதிக்கு விண்ணப்பிக்கும் வழி 2019 ஜூன் முதல் உள்ளது. கணவனின் வன்முறைக்கு ஆளாகும் பெண், ‘என்னை விட்டுப் போனால் உன் விசா போய்விடும்’ என்ற மிரட்டலுக்கு அஞ்ச வேண்டியதில்லை. குடும்ப வன்முறைக்கு ஆளானோருக்கென்றே தற்காலிகத் தங்கும் அனுமதி 2019 ஜூலை முதல் வழங்கப்படுகிறது, அதனுடன் வேலை அனுமதியும் பெறலாம். இந்த ஒன்றையேனும் ‘ஐலெட்ஸ்’ பயிற்சி மையங்களின் சுவரில் பஞ்சாபியில் எழுதிவைக்கலாம், எழுதமாட்டார்கள்.

இங்கே நடக்க வேண்டியது வேறு. ஒன்றிய அரசின் 1983-ஆம் ஆண்டுக் குடிபெயர்வுச் சட்டம் வேலைக்காகச் செல்வோரையே கணக்கில் கொள்கிறது. கல்வியின் பெயரால் வேலைக்குச் செல்லும் லட்சக்கணக்கானோர் அதன் பார்வையில் படுவதில்லை. பஞ்சாப் அரசு பயண முகவர்களை ஒழுங்குபடுத்த 2012-இல் கொண்டுவந்த சட்டம் உரிமம் கேட்கிறது. உரிமமற்ற கடைகள் பேருந்து நிலையங்களைச் சுற்றி விளக்கெரிய நிற்கின்றன. மாணவரையும் அவர்களின் இணையரையும் சட்டத்துக்குள் கொண்டுவர வேண்டும். முகவர் எந்தக் கல்லூரியிடமிருந்து எவ்வளவு தரகு பெறுகிறார் என்பதை எழுத்தில் தரச் செய்ய வேண்டும். விதி மாறியதால் விசா மறுக்கப்பட்டோரின் கட்டணத்தைக் கல்லூரிகள் முழுமையாகத் திருப்பித் தரும்படி கனடா அரசோடு நடக்கும் பேச்சுவார்த்தைகளில் இந்தியா வற்புறுத்த வேண்டும். நிலத்தை அடகுவைத்துப் பெற்ற கல்விக் கடனுக்கு, இணையர் பிரிந்துகிடக்கும் காலத்தில், வட்டியை நிறுத்திவைக்க வங்கிகளுக்கு ஆணையிட வேண்டும். இவற்றில் கடைசிக் கோரிக்கைக்காக விவசாயிகள் சங்கங்களும் மாதர் சங்கங்களும் ஒன்றாகக் களமிறங்க முடியும். அடகுப் பத்திரத்தில் கையெழுத்திட்டவர் தந்தை. அந்தக் கடனை அடைக்கக் கிடங்கில் இரவு வேலை செய்பவள் மருமகள்.